நாலு ஸ்க்ரூவும் ஒரு ரப்பர் வளையமும்

என் அண்ணிக்குக் கம்பெனியில் கொடுத்திருந்த பதவி, "மோட்டார் உற்பத்திப் பிரிவுத் தலைவர்". கழுத்தில் தொங்கிய அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அவர் செய்த வேலை இதுதான்: வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் மோட்டாரை எடுத்து, பின்மூடியில் இருக்கும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியை ஒரு விரல்கடை உயரம் தூக்கி, திரும்ப வைத்து, அதே நாலு ஸ்க்ரூவையும் முடுக்குவார். ஒரு நாளைக்கு நூற்றிருபது மோட்டார். மூன்று வருஷம் இதைத்தான் செய்தார்.

கழற்றியதை எதற்கு அப்படியே மாட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சட்டம் அப்படி என்றார்கள்.

பேட்டரி வண்டிகள் பெருக வேண்டும், அதுவும் நம் நாட்டிலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆசைப்பட்டது. ஆசையில் தப்பில்லை. வண்டியில் பாதிப் பொருள் உள்நாட்டில் செய்ததாக இருந்தால், விற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனிக்கு மானியம் என்று அறிவித்தார்கள். உள்நாட்டில் செய்தது என்றால் என்ன? அதற்கும் ஒரு வரி எழுதினார்கள்: "இறுதி இணைப்பு இந்த நாட்டில் நடந்த பொருள் உள்நாட்டுப் பொருள்." குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இதை எழுதிய புண்ணியவான் தன் வாழ்நாளில் ஒரு ஸ்பேனரைத் தொட்டிருக்க மாட்டார். கம்பெனிக்காரர்கள் அந்த வரியைப் படித்தார்கள், சிரித்தார்கள், ஆளுக்கு ஒரு டஜன் ஸ்க்ரூ டிரைவர் வாங்கினார்கள். தொழிற்சாலை தயார்.

அண்ணி வேலை செய்த கொட்டகையின் மறுகோடியில் நான் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியின் மூன்று சக்கரப் பேட்டரி வண்டியில் முழுக்க முழுக்க இங்கே செய்தது என் சீட் உறையும், பின்சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்குகிற ரப்பரும்தான். சட்டத்தின் கண்ணில் என் உறையும் அந்த மோட்டாரும் ஒரே சாதி, இரண்டும் "உள்நாட்டுப் பொருள்". அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் மேல் "இந்த நாட்டில் செய்தது" என்று ஒரு லேபிள் ஒட்டுவார்கள். அந்த லேபிளும் அதே பெட்டிக்குள்தான், வெளிநாட்டிலேயே அச்சாகி, எண்ணி வைத்து வரும்.

அண்ணிக்கு மோட்டார் செய்யத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். பதினெட்டு வயதில் ஒரு பம்ப் மோட்டார் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போனவர் அவர். பட்டறைக்காரருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மோட்டாருக்குள் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும்போது எத்தனை சுற்று ஆயிற்று என்று எண்ணிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அண்ணி எண்ணிச் சொன்னார். இரண்டு வருஷத்தில் கம்பி அவர் கைக்கு வந்துவிட்டது. பதினான்கு வருஷம் அங்கே இருந்தார். எரிந்த மோட்டாரைத் திறந்து முகர்ந்து பார்த்தே, "இது தண்ணி குடிச்சு செத்தது, அது வோல்டேஜ் ஏறி செத்தது" என்று சொல்லிவிடுவார்.

என் அண்ணன் அவரைப் பார்த்ததும் அந்தப் பட்டறையில்தான். எங்கள் வீட்டு மின்விசிறி எரிந்துபோய் எடுத்துக்கொண்டு போனான். ஒரே மாதத்தில் அதே மின்விசிறியை மூன்று தடவை தூக்கிக்கொண்டு போனான்.

"என் வேலை மேல சந்தேகமே வந்துடுச்சு. எப்படிக் கட்டினாலும் திரும்ப எரிஞ்சு வருதேன்னு அழாத குறை" என்று அண்ணி சொல்வார்.

"முதல் தடவை அதுவா எரிஞ்சது. மத்த ரெண்டு தடவையும் நான்தான் எரிச்சேன்" என்று அண்ணன் கூசாமல் சொல்வான். எங்கள் வீட்டில் இந்தக் கதை நூறு தடவை ஓடியிருக்கும்.

பேட்டரி வண்டிக் கம்பெனி வந்தபோது, காயில் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டார்கள். அண்ணி பட்டறையை விட்டுவிட்டுப் போனார். "செத்ததையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சும்மா. இனிமே புதுசா பண்ணப் போறேன்" என்றார். உள்ளே காயில் சுற்றும் மிஷின் ஒன்று பிளாஸ்டிக் உறை போட்டு நின்றது. பக்கத்தில் ஒரு உருளையில் புதுத் தாமிரக் கம்பி மின்னியது. அதை மாதக்கணக்கில் தினமும் பார்த்துக்கொண்டே நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினார்.

அந்த மிஷினுக்கு உறையைக் கழற்றுவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆய்வாளர் வரும் நாளில். முதல் தடவை அண்ணி முந்தின நாளே பண்டிகைக்குக் குளித்து முழுகினவர்போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். மிஷினில் உட்கார்ந்து ஆய்வாளர் கண் முன்னால் ஒரு காயில் கட்டினார். ஆய்வாளர் அட்டையில் சொருகிய படிவத்தைப் பார்த்தாரே தவிர காயிலைப் பார்க்கவில்லை. "ஓடுதா?" என்றார். "ஓடுதுங்க" என்றார் மேனேஜர். அந்த மேனேஜர் எந்த வெயிலிலும் கோட்டு போடுவார். எங்களுக்குள் அவர் பெயர் கோட்டுக்காரர்.

ஆய்வாளரின் கார் வாசலைத் தாண்டியதும் கோட்டுக்காரர் வந்தார்.

"அவுத்துடும்மா."

"எதுக்குங்க? நல்லா வந்திருக்கே."

"நல்லா வந்தா என்ன? மோட்டார்லயா வைக்கப் போறோம்? அடுத்த தடவை காட்டக் கம்பி வேணும்ல. சுத்தி வச்சிடு."

கட்டின காயிலைத் தன் கையாலேயே அவிழ்த்துச் சுற்றிவைத்தார் அண்ணி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்புறம் பழகிவிட்டது. மூன்று வருஷத்தில் பன்னிரண்டு ஆய்வு. ஒரே கம்பி, ஒரே காயில், பன்னிரண்டு தடவை கட்டி, பன்னிரண்டு தடவை அவிழ்த்தார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு "நாலு ஸ்க்ரூ" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்காரியை அப்படிக் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார்.

தொழில் வளர்ந்ததா என்றால், வளர்ந்தது. முதல் வருஷம் மெதுவாக ஓடும் வண்டிக்குத்தான் மானியம் என்றார்கள். எங்கள் சாலையில் ஒரே வருஷத்தில் பதினோரு கம்பெனி முளைத்தது. ஒன்றில் அதற்கு முன் பிஸ்கட் பெட்டி அடுக்கியிருந்தார்கள், இன்னொன்றில் வாடகை நாற்காலி. எல்லாப் பெயர்ப்பலகையிலும் அதே பச்சை இலைப் படம். இரண்டாம் வருஷம், மெதுவான வண்டிக்குக் கிடையாது, வேகமாக ஓடினால்தான் என்றார்கள். எங்கள் கம்பெனி ஒரே வாரத்தில் வேகமான வண்டியைக் கண்டுபிடித்துவிட்டது. பழைய வண்டிக்குள் வேகத்தைக் கட்டிப்போடும் ஒரு வெள்ளை ஒயர் இருந்தது, அதை வெட்டிவிட்டார்கள். மூன்றாம் வருஷம் மானியத்தைப் பாதியாக்கினார்கள். ஏழு கம்பெனி பூட்டிக்கொண்டது. இலை மட்டும் பலகையில் பச்சையாகவே இருந்தது. தண்ணீர் விட்டால் முளைத்து, நிறுத்தினால் காய்ந்துபோவதற்குத் தொழில் என்றா பெயர்? புல் என்று பெயர். மற்றவர்களை இகழ்ந்து பேசாதே என்று தினமும் சாமி முன்னால் நின்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இவர்கள் விஷயத்தில் மட்டும் அது பலிப்பதில்லை.

இதற்கு நடுவில் அண்ணனும் எங்கள் கம்பெனி வண்டி ஒன்று வாங்கினான். வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் குடிதண்ணீர் கேன் போடுவது அவன் வேலை. மானியத்தில் வாங்கிய வண்டிக்குப் பச்சை நம்பர் தகடு தருவார்கள். அந்தத் தகடு இருந்தால்தான் வாடகைக்குச் சாமான் ஏற்றி ரோட்டில் ஓட்டலாம். தண்ணீர் டிப்போவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொன்னான்: "என் பொண்டாட்டி செஞ்ச மோட்டார்." பக்கத்தில் அண்ணி இருந்தால் சுவரைப் பார்த்துக்கொள்வார். வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை. அவர் வெட்கத்தை நான் எப்படிச் சொல்வேன்?

அந்த வருஷம் முதல் பெருமழையில், கணுக்கால் அளவு தண்ணீரில், நாற்பது கேனோடு வண்டி நின்றுவிட்டது. அண்ணியும் நானும் ஓடிப்போய், மூன்று பேருமாக வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் சாக்கை விரித்து, மோட்டாரை இறக்கி, அண்ணி திறந்தார். அண்ணனும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஸ்க்ரூவின் தலையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. முடுக்கின மோட்டாரையே திரும்ப முடுக்காமல் இருக்க, அண்ணியின் மேசையில் முடிந்தால் பச்சைப் பெயின்ட், பக்கத்து மேசையில் முடிந்தால் சிவப்பு என்று புள்ளி வைப்பார்கள். இது பச்சை.

மூடியைத் தூக்கியதும் உள்ளிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டியது. எரிந்த வார்னிஷ் நாற்றம் எனக்கே தெரிந்தது. மூடியின் விளிம்பில் இருந்த ரப்பர் வளையம் மிதிபட்ட புழுவைப்போல நசுங்கி, ஒரு பக்கம் தன் பள்ளத்தை விட்டு வெளியே கிடந்தது. அண்ணி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்" என்றார்.

"என்ன நான்தான்?" என்றான் அண்ணன்.

"இந்த வளையம் ஒரு தடவைதாங்க உக்காரும். மூடி ஒருக்கா முடுக்கினதும் அந்த வடிவத்துக்கு அமுங்கிடும். திறந்தா புதுசு போடணும். நான் பழசு மேலயே மூடி வச்சிருக்கேன். இதுக்கு மட்டும் இல்ல. எல்லாத்துக்கும்."

"செய்யும்போதே புதுசு போட வேண்டியதுதானே?"

"செய்யலைங்க."

"என்ன செய்யல?"

"மோட்டார் செய்யல. செஞ்சதுதான் பெட்டியில வரும். நான் மூடியைத் தூக்கி வைப்பேன்."

"மூணு வருஷமா?" என்றான் அண்ணன்.

"மூணு வருஷமா."

"அதுக்கா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து, பஸ்ல தொங்கிட்டுப் போன?"

அண்ணன் எழுந்து உள்ளே போனான். திட்டுவான் என்று பயந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "தூக்கி வச்சவளே தூக்கி நிறுத்து" என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை அண்ணி கோட்டுக்காரரிடம் போனார். நானும் ஒரு கட்டு உறையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் நின்றேன்.

"சார், திறந்து மூடுற ஒவ்வொரு மோட்டாருக்கும் புது ரப்பர் ரிங்கு போடணும். இல்லைன்னா மழையில எல்லாம் நிக்கும். வித்த வண்டியையும் கூப்பிட்டு மாத்தணும்."

"ரிங்கா? ரிங்குன்னு படிவத்துல கட்டமே இல்லையேம்மா. அது உள்நாட்டுப் பொருள்லயும் சேராது, வெளிநாட்டுப் பொருள்லயும் சேராது."

"தண்ணி உள்ள போவுது சார்."

"தண்ணியில ஓட்டுறதுக்கு அது என்ன கப்பலா? மழை வருஷத்துல ரெண்டு மாசம்தானே."

"சரி, என் வீட்டுக்காரர் வண்டிக்காவது மாத்து மோட்டார் குடுங்க."

கோட்டுக்காரர் சிரித்தார். அப்போதுதான் அடுத்த சேதி தெரிந்தது. அரசாங்கத்துக்குத் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. போன வாரத்திலிருந்து வெளிநாட்டு மோட்டார் உள்ளே வரக்கூடாது. பெட்டிகளெல்லாம் துறைமுகத்தில் நிற்கின்றன. அதோடு, எங்கள் ஊரில் மானியத்தில் விற்ற வண்டிகளையெல்லாம் பத்தாம் நாள் கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். ஓடாத வண்டி, உள்நாட்டு மோட்டார் இல்லாத வண்டி இரண்டுக்கும் பச்சைத் தகட்டைக் கழற்றிவிடுவார்கள்.

"நீங்க கவலைப்படலையா சார்?"

"எதுக்கு? கொள்கை மாறும்மா. மாறாத கொள்கையை நான் பார்த்ததே இல்லை" என்றார் கோட்டுக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆட்டுகிறவர்கள் அப்படி, ஆடுகிறவர் இப்படி.

பத்து நாள். தகடு போனால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும் பொம்மை. அண்ணனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. தண்ணீர் டிப்போக்காரர் அதுவரைக்கும் அவன் கேன் போடும் வீடுகளை வேறு ஆளுக்குத் தராமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் முடியாது என்றும் சொன்னார்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் அண்ணி மிஷின் பக்கத்திலிருந்த கம்பி உருளையைத் துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணி, இது திருட்டு இல்லையா?"

"திருட்டுதான். பத்தாம் நாள் அவங்க முகத்துக்கு நேரா நானே சொல்லிடுறேன். நீ உன் சாமிகிட்ட அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

சொன்னேன்.

என் தையல் மேசை காயில் மேசை ஆயிற்று. முதலில் எரிந்த காயிலை வெட்டி, சுரண்டி, இழுத்து எடுத்தார். காயில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். பள்ளத்துக்குள் வைக்கும் தடித்த காகிதத்தை நான் என் கத்தரியால் அளவு பார்த்து வெட்டிக்கொடுத்தேன். பன்னிரண்டு தடவை கட்டி அவிழ்த்த கம்பியில் மேல்பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது. அந்த நீளத்தை மட்டும் வெட்டி ஒதுக்கினார். அதற்குக் கீழே உருளையில் இருந்ததெல்லாம் யாரும் தொடாத புதுக் கம்பி.

"பார்த்தியா, மேல இருந்ததை மட்டும் எடுத்து, மேலோட்டமாவே ஏமாத்தியிருக்கோம்" என்றார்.

வேலைக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம், வந்தபின் இரண்டு மணி நேரம். அவர் கட்டக் கட்ட நான் எண்ணினேன். சாமி பெயரை எந்த நிதானத்தில் சொல்வேனோ அந்த நிதானத்தில் எண்ணிக்கை சொன்னேன். ஒரு தடவை எனக்குச் சந்தேகம் வந்தது, இருபத்தேழா இருபத்தெட்டா என்று. அண்ணி அந்தக் காயிலை முழுக்க அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார். இந்தத் தடவை அவிழ்த்ததற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. வார்னிஷ் ஊற்றி மூன்று நாள் வெயிலில் வைத்தோம். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்கை விரட்டினான்.

ஒன்பதாம் நாள் பம்ப் சாமான் கடைக்கு அண்ணியோடு நானும் போனேன். நசுங்கிய வளையத்தைக் காட்டி அதே அளவில் ரப்பர் வளையம் கேட்டார். ஒரு டீ விலைதான். இரண்டு வாங்கினார்.

"எதுக்கு அண்ணி ரெண்டு? ஒரு மோட்டார்தானே?"

"இருக்கட்டும்."

மாலையில் வண்டி ஓடியது. பின்னால் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் மூன்று தெரு சுற்றினான். திரும்பி வந்ததும் ஒரு வாளித் தண்ணீரை மோட்டார்மேல் அப்படியே ஊற்றிவிட்டுத் திரும்ப ஓட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நிற்கவில்லை. "இப்ப சொல்லுவேன்டி டிப்போவுல, என் பொண்டாட்டி செஞ்ச மோட்டாருன்னு" என்றான். அண்ணி இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் கம்பெனி முற்றத்தில் அறுபது எழுபது வண்டி இருந்தது. பாதி தள்ளிக்கொண்டு வந்தவை. மழைக்கு நின்ற வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆய்வாளர் வந்ததும் கோட்டுக்காரர் நேராக மிஷினுக்குக் கூட்டிப்போய் உறையை எடுத்தார். உருளை இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"கம்பி எங்கம்மா?" என்றார் கோட்டுக்காரர். கோட்டுக்குள் அவருக்கு வேர்த்தது தெரிந்தது.

"வண்டியில இருக்கு சார். நான்தான் எடுத்தேன். கேக்காம எடுத்தது தப்புதான். மீதியைக் கொண்டுவந்திருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஆய்வாளருக்கு அதில் அக்கறை இல்லை. "மிஷின் இருக்கில்ல? கட்டத்துல மிஷின் உண்டா இல்லையான்னுதான் இருக்கு" என்று சொல்லி "உண்டு" என்று எழுதினார். கோட்டுக்காரருக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், கம்பெனி தேறிவிட்டது. கம்பி இல்லாத மிஷின், மோட்டார் இல்லாத கம்பெனி, தேறிவிட்டது.

பிறகு முற்றத்துக்கு வந்தார். அண்ணன் வண்டியை ஓட்டிக் காட்டினான். ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

"லேபிள் எங்க?"

"மோட்டார் எரிஞ்சப்போ கருகிப்போச்சுங்க" என்றார் அண்ணி. "உள்ள காயில் முழுக்க நான் கட்டினது."

"எந்தக் கம்பெனியில?"

"வீட்டுலங்க."

"வீடு பதிவு பண்ண கம்பெனியா?"

"வீடு வீடுதாங்க."

"மிஷின்ல கட்டினதா?"

"கையில."

ஆய்வாளர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். உண்மையிலேயே தேடினார், பாவம். "கைன்னு ஒரு கட்டமே இல்லையே. லேபிளும் இல்லை. அப்ப இது உள்நாட்டு மோட்டார் இல்லை."

"ஐயா!" என்று அண்ணன் கத்திவிட்டான். "இந்த முற்றத்துலயே உள்நாட்டு மோட்டார் இது ஒண்ணுதான்யா! மத்ததெல்லாம் கப்பல்ல வந்தது!"

"மத்ததுல லேபிள் இருக்குப்பா" என்றார் ஆய்வாளர். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. கோட்டுக்காரரைப் பார்த்து, "தகட்டைக் கழட்டணும். ஸ்க்ரூ டிரைவர் குடுங்க" என்றார்.

அண்ணி தன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஆனால் ஆய்வாளர் கையில் கொடுக்கவில்லை.

"ஐயா, ஒன்பதாம் பிரிவுல இறுதி இணைப்பு இந்த நாட்டுல நடந்தா உள்நாட்டுப் பொருள்னு இருக்கு. என் மேசைக்கு மேல ஒட்டியிருக்காங்க, மூணு வருஷமா அதைப் பார்த்துட்டுத்தான் வேலை செஞ்சேன். இது பழைய வண்டி. பழைய வண்டிக்கு அது செல்லுமா?"

ஆய்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் செல்லும்."

"அப்ப பாருங்க" என்று அண்ணி தரையில் உட்கார்ந்தார். நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார். மூடியை ஒரு விரல்கடை உயரம் தூக்கினார். திரும்ப வைத்தார். நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினார். மூன்று வருஷம் செய்த அதே வேலை, அதே வேகம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இணைச்சாச்சு. உங்க கண் முன்னாலதான், இந்த நாட்டுலதான்."

ஆய்வாளர் முகம் மலர்ந்துவிட்டது. "அதிகாரி முன்னிலையில் இணைத்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு! அதுக்கு லேபிள் வேணாம், என் கையெழுத்தே போதும்" என்றார். இத்தனை வருஷத்தில் யாருமே அந்தக் கட்டத்தை நிரப்பவில்லையாம். ஆசையாக நிரப்பினார். "முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று வேறு சொன்னார்.

ஒன்பது நாள் கட்டிய காயிலைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு எழுத்து இல்லை. தகடு வண்டியிலேயே இருந்தது.

ஆய்வாளர் அடுத்த வண்டிக்குப் போனார். கோட்டுக்காரர் அண்ணியிடம் வந்து, "கம்பி விஷயத்தை நான் பெரிசு பண்ணலைம்மா. நாளைக்கு எப்பவும்போல வந்துடு. வேற நாட்டு வழியா பெட்டி வருதாம்" என்றார். அண்ணி உள்ளே போய், கழுத்து அட்டையைக் கழற்றி மேசைமேல் இருந்த கம்பி உருளைமேல் வைத்துவிட்டு வந்தார்.

"பெட்டி வரட்டும் சார். தூக்கி வைக்க வேற ஆளைப் பாருங்க."

வண்டியைக் கம்பெனி வாசலுக்கு வெளியே, ஆய்வாளர் கண்ணுக்கு மறைவாக நிறுத்தச் சொன்னார். மழை மேகம் கூடிக்கொண்டிருந்தது. திரும்பவும் தரையில் உட்கார்ந்து அதே நாலு ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இப்பத்தானே மூடின? திரும்ப எதுக்குத் திறக்கிற?" என்றான் அண்ணன்.

மூடியைத் தூக்கி, நேற்று போட்ட வளையத்தை எடுத்துக் காட்டினார். அதற்குள் நசுங்கியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டாவது வளையத்தை எடுத்தார். ஊதித் தூசி தட்டி, விரலால் நெருடி நெருடிப் பள்ளத்துக்குள் உட்கார வைத்தார்.

"அது சர்க்காருக்காகத் திறந்தது. இது மழைக்காக மூடுறது" என்றார்.

தள்ளிக்கொண்டு வந்த வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் வாசலைத் தாண்டி வெளியே வந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அந்த ரிங்கு எங்க கிடைக்கும்?"

"பம்ப் கடையில. நீங்க வாங்கிட்டு வாங்க, நான் போட்டுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி நாலாவது ஸ்க்ரூவை முடுக்கினார். பச்சைப் புள்ளி வைக்கவில்லை.